வாசகர் கேள்வி – பதில்: நான்கு நாள் விடுப்பில் ஒரு நாள் விமான நிலையத்தில்

விமானத் தாமதம் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் அளிக்கிறேன். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கும் இடத்தில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் பணிபுரியும் பள்ளத்தூர் வாசகர்: அப்பச்சியின் (அப்பாவின்) சாந்திக்காக (அறுபது, எண்பது போன்ற வயது நிறைவுச் சடங்கு) நான்கு நாள் விடுப்பு எடுத்து, விழாவுக்கு முந்தைய இரவு ஒன்பதரை மணிக்குத் திருச்சிக்குப் புறப்படும் விமானத்தில் பதிவு செய்திருந்தேன். அரைமணி தாமதம், ஒரு மணி தாமதம் என்று அறிவிப்புப் பலகை தள்ளிக்கொண்டே போய், மறுநாள் நண்பகல் பன்னிரண்டுக்குத்தான் விமானம் கிளம்பியது. தம்பியும் தங்கையும் கலச நீர் ஊற்றியதை நான் அலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு முழுவதற்கும் ஒரு சாண்ட்விச்சும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தார்கள். இதற்கு மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லையா? இப்படிப்பட்ட இரவை எப்படிச் சமாளிப்பது?

பதில்: உரிமை உண்டு. ஆனால் அன்றிரவு நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்த உரிமைப் பட்டியலில் இருப்பவற்றை அல்ல என்பது என் எண்ணம். இரண்டையும் சொல்கிறேன்.

இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010இல் வெளியிட்டு, பின்னர் திருத்தியிருக்கும் விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி, இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரம் தாமதமானாலும், இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானம் 3 மணி நேரம் தாமதமானாலும், அதற்கும் நீண்ட பயணமானால் 4 மணி நேரம் தாமதமானாலும் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்கும் அறையும், அங்கே போய்வர வண்டியும் தர வேண்டும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம் என்பதாலும், உங்கள் விமானம் இரவு ஒன்பதரைக்குரியது என்பதாலும், இந்திய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் இரண்டும் உங்களுக்குச் சேர வேண்டியவையே. வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் அந்நாட்டு விதிகளும், சீட்டோடு சேர்ந்த பயண ஒப்பந்தமும் இடையில் வரும். அந்த ஒப்பந்தத்தில் தாமதம் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.

பணமாக ஏதேனும் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் இல்லாதவரை, தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. அப்படித் தொகை வகுத்த சட்டம் இந்தியாவிலும் இல்லை, சிங்கப்பூரிலும் இல்லை. 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையை இரு நாடுகளும் ஏற்றிருக்கின்றன. அதன்படி தாமதத்தால் உண்டான பண இழப்பை நிரூபித்தால் ஒரு வரம்பு வரை கேட்கலாம். ஆனால், தவிர்ப்பதற்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம் என்று நிறுவனம் காட்டிவிட்டால் அதுவும் இல்லை. வாடகைக் கார், மாற்று டிக்கெட், தங்கும் விடுதி ஆகியவற்றுக்கு ரசீது காட்டலாம்; அப்பச்சியின் தலையில் நீர் ஊற்றத் தவறியதற்கு ரசீது கிடையாது. இழப்பீட்டை நம்பி மனத்தை ஆற்றிக்கொள்ள முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது மாற்று விமானம். அதையும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கேட்டிருக்க வேண்டும்.

ஏன் முதல் இரண்டு மணி நேரம் என்றால், நம் ஊர்ப் பக்கம் வரும் விமானங்கள் பெரும்பாலும் போய்த் திரும்பும் சுற்றில் ஓடுபவை. சிங்கப்பூரில் உங்களை ஏற்ற வேண்டிய விமானமே அன்று மாலை திருச்சியிலிருந்தோ வேறோர் ஊரிலிருந்தோ வந்து சேர வேண்டும். அது இன்னும் அங்கிருந்து கிளம்பவில்லை என்றால், நான்கு மணி நேரப் பறப்பும், வந்தவர்கள் இறங்கி, துப்புரவு முடிந்து, எண்ணெய் நிரப்பி, புறப்படுபவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரமும் எப்படியும் ஆகும். அந்த நிலையில் பலகையில் தெரியும் ‘30 நிமிடத் தாமதம்’ நம்பத் தக்கதன்று. விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் விமானத்துக்கு ஒதுக்கப்பட்ட வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்று அதில் பார்த்துவிட்டால், வாயிலில் நிற்கும் ஊழியருக்குத் தெரிந்ததைவிட அதிகமாக உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊழியரும் பாவம், உங்கள் முன்னே உள்ள அதே பலகையைத்தான் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்மீது குரலை உயர்த்துவதால் ஆகப்போவது எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் விமானிகளின் பணி நேரம். ஒரு விமானி ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது என்பது சட்டம். நான்கு மணி நேரமாக நகர்ந்துகொண்டிருந்த தாமதம் திடீரென்று பன்னிரண்டு மணி நேரமாகத் தாவுவதற்கு இதுவே பல முறை காரணமாக இருக்கிறது: விமானம் வந்துவிடும், ஓட்ட வேண்டியவர்களின் நேரம் முடிந்துவிடும், ஓய்வு முடிந்த வேறு குழுவுக்காகக் காத்திருக்க வேண்டும். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற அறிவிப்போடு பயணிகளை இறக்கிவிட்டாலும், உதிரிப் பாகம் வேறு ஊரிலிருந்து வர வேண்டும் என்ற பேச்சு காதில் விழுந்தாலும், அன்றைய இரவு போய்விட்டது என்றே கொள்ளலாம்.

இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்த உடனே, சாண்ட்விச்சுக்கான வரிசையில் நிற்காமல், டிக்கெட் மாற்றிக் கொடுக்கும் முகப்புக்குப் போய்விட வேண்டும். ஒற்றை நடைபாதை கொண்ட ஒரு விமானத்தில் ஏறத்தாழ 180 பேர் இருப்பார்கள். அடுத்துப் புறப்படும் விமானத்தில் காலியாக இருப்பதோ பத்து, பதினைந்து இடங்கள். முதலில் கேட்டவருக்கே அவை கிடைக்கும். வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையையும் அழையுங்கள். எது முதலில் கிடைக்கிறதோ அது. ‘எப்போது கிளம்பும்’ என்று கேட்காதீர்கள். ‘சென்னைக்கோ மதுரைக்கோ கோலாலம்பூர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ இன்றிரவே என்னை அனுப்ப முடியுமா’ என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் தாமாக யோசித்துச் சொல்வது அரிது. நாம் வழியைச் சொன்னால் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தங்கள் நிறுவனத்தின் விமானத்திலோ, உடன்பாடு உள்ள நிறுவனத்திலோதான் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும். பெட்டியைச் சரக்கறைக்கு அனுப்பிவிட்டால், அதை இறக்கித் தரும் வரையில் உங்களால் வேறு விமானத்துக்கு எளிதில் மாற முடியாது. நான்கு நாள் பயணத்துக்குக் கைப்பை போதும். சாந்திக்குக் கட்ட வேண்டிய பட்டு வேட்டியும், அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் வாங்கிய துணியும் அந்தக் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சாக்லேட் டப்பாக்களை இந்த ஒரு முறை விட்டுவிடலாம்.

மாற்று வழியே இல்லை என்று உறுதியாகிவிட்டால், அதன்பின் நீங்கள் காப்பாற்ற வேண்டியது தூக்கத்தை. அறை தந்தால் தயங்காமல் போங்கள். தராவிட்டால் வாயில் நாற்காலியை விட்டுக் கூட்டம் குறைந்த மூலைக்குப் போய், அலாரம் வைத்துக்கொண்டு, பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்துவிடுங்கள். விழித்திருந்து பலகையைப் பார்ப்பதால் விமானம் விரைந்து வராது. ஊருக்குப் போய்ச் சேரும் நாளையும் தூங்கியே கழிக்க நேரும். வீட்டுக்குச் செய்தி சொல்வதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். பங்காளிகளும் அம்மான் வீட்டாரும் தனித்தனியே அழைத்து ‘எங்கே இருக்கிறாய்’ என்று கேட்டால், நள்ளிரவுக்குள் அலைபேசியில் மின்சாரம் தீர்ந்துவிடும். வீட்டில் ஒருவருக்கு மட்டும், நிலைமை மாறும்போது மட்டும், இந்திய நேரத்தில் சொல்லுங்கள். சிங்கப்பூர் நேரத்தைச் சொல்லிவிட்டு, அந்த இரண்டரை மணி நேர வேறுபாட்டால் கார் வீணாகத் திருச்சியில் நின்ற கதைகள் நம் பக்கம் ஏராளம்.

அடுத்த முறைக்கு ஒன்று. விடுப்பு நான்கே நாள்தான் என்றால், விழாவுக்கு முன்னே இரண்டு நாள், பின்னே ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் விழாவன்று காலை வந்து இறங்கி, முடிந்தபின் இரண்டு நாள் இளைப்பாறித் திரும்புகிறார்கள். அலுவலகத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போனால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்; முகூர்த்தம் காத்திருக்காது.

தேவகோட்டை வாசகி: மகன் வருகிற விமானம் தாமதமாகும்போதெல்லாம் காரை எப்போது அனுப்புவது என்று தெரியாமல் தவிக்கிறோம். போன முறை ஓட்டுநர் திருச்சி விமான நிலையத்தில் ஏழு மணி நேரம் காத்திருந்தார். வெள்ளைப் பணியாரத்துக்கு ஆட்டி வைத்த மாவும் புளித்துப்போயிற்று.

பதில்: விமானம் சிங்கப்பூரிலிருந்து தரையை விட்டு எழும்பிய பிறகுதான் உங்கள் வீட்டிலிருந்து கார் கிளம்ப வேண்டும். அதற்கு முன் எந்த அறிவிப்பையும் நம்ப வேண்டாம். நான்கு மணி நேரப் பறப்பு, இறங்கிக் குடியேற்றச் சோதனையும் சுங்கமும் முடிந்து வெளியே வர முக்கால் மணியோ ஒரு மணியோ ஆகும். உங்கள் ஊரிலிருந்து அங்கே போக அதில் பாதி நேரம் போதும். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் நுழைந்து நெரிசலில் மாட்டிக்கொள்ளும் வேலையும் இல்லை. கடைசியாக அங்கே போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தால் ஓட்டுநரிடம் சொல்லி அனுப்புங்கள்: 2024 ஜூன் முதல் புதிய முனையத்தில்தான் விமானங்கள் இயங்குகின்றன. பணியார மாவை, மகன் திருமயம் தாண்டிவிட்டேன் என்று சொன்ன பிறகு வெளியே எடுத்தாலும் நேரம் இருக்கிறது.

துபாயில் பணிபுரியும் கோத்தமங்கலம் வாசகர்: விலை குறைவாக இருந்ததால் துபாயிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனத்திலும், சென்னையிலிருந்து மதுரைக்கு வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியாகச் சீட்டு எடுத்தேன். முதல் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். இரண்டாவது விமானம் போய்விட்டது. இரண்டு நிறுவனங்களும் கையை விரித்துவிட்டன.

பதில்: ஒரே பதிவு எண்ணில் இரண்டு பயணமும் இருந்திருந்தால், உங்களை மதுரை வரையில் கொண்டு சேர்ப்பது முதல் நிறுவனத்தின் பொறுப்பாக இருந்திருக்கும். தனித்தனிச் சீட்டில் அந்தப் பொறுப்பு உங்களுடையதாகிவிடுகிறது. மதுரை விமான நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராமல்போன ஒரு பயணி, அவ்வளவுதான். எனினும், பயணம் செய்யாத சீட்டில் அடங்கிய வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் இந்திய விதிப்படி திருப்பித் தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள்; எழுதிக் கேளுங்கள்.

சென்னையில் மாட்டிக்கொண்டால் அடுத்த நாள் விமானத்துக்காகக் காத்திருப்பதைவிடச் சாலை வழி மேல் என்பது என் கருத்து. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென் மாவட்டப் பேருந்துகளைப் பிடிக்க நகருக்குள் போக வேண்டியதில்லை. மீனம்பாக்கத்திலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் போதும். பிற்பகலுக்குள் இறங்கிவிட்டால் காரைக்குடிக்குப் பல்லவன் விரைவு ரயில் இருக்கிறது. இரவில் ராமேசுவரம் வண்டிகள் இருக்கின்றன. பயணிகள் பட்டியல் தயாரான பின்னும் இடம் மீதி இருந்தால் நடப்புப் பதிவில் கிடைக்கும். மதுரையில் இறங்கினாலும் அங்கிருந்து கோத்தமங்கலத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாலைப் பயணம் இருக்கத்தானே செய்கிறது.

கானாடுகாத்தான் மூத்த வாசகர்: பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’ கப்பலில் நாள்கணக்கில் போனார்கள் எங்கள் ஐயாமார். பத்து மணி நேரத் தாமதத்துக்கு இந்தத் தலைமுறை இப்படிப் புலம்பலாமா?

பதில்: ஐயா அவர்களுக்கு வணக்கம். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாரம் அளவுக்குக் கடலில் போனவர்கள், மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துத் திரும்பியபின் மாதக்கணக்கில் ஊரில் இருந்தார்கள். வீடு கட்டி, பெண்ணுக்குத் திருமணம் பேசி, கோயில் திருப்பணியும் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கப்பல் ஏறினார்கள். கப்பல் இரண்டு நாள் பிந்தினால் அவர்களுக்குக் குறைந்தது எதுவும் இல்லை. இன்று அலுவலகம் கொடுப்பது நான்கு நாள். அதில் ஒன்று போனால் கால் பங்கு போய்விடுகிறது. அவர்களின் பொறுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கையில் இருந்த நாள்கள் வேறு என்கிறேன்.

பெங்களூருவில் பணிபுரியும் காரைக்குடி வாசகர்: பிள்ளையார் நோன்பன்று காலை விமானம், பனிமூட்டத்தால் ஏழு மணி நேரம் தாமதமானது. இழை எடுக்கும் (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியை உண்ணும் நோன்புச் சடங்கு) நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லை. இயற்கைக் காரணம் என்பதால் எதுவும் தர முடியாது என்றார்கள். சரியா?

பதில்: பாதி சரி. வானிலை, வான்வழிக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்றவை காரணமானால் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் இழப்பீடு வேறு, கவனிப்பு வேறு. வானிலையைக் காரணம் காட்டினாலும் காத்திருக்கும் நேரத்துக்கு உணவைக் கேட்டுப் பாருங்கள். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், மாற்று விமானமோ முழுப் பணமோ என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பையும் பயணிக்குத் தர வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு காலையிலேயே சாலை வழியே கிளம்பியிருந்தால், இரவில் இழை எடுக்க நீங்கள் காரைக்குடியில் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உண்மையில் பனிமூட்டம்தானா என்று கேட்கவும் உங்களுக்கு இடம் உண்டு. ரயில் தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணியின் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், தாமதத்துக்குத் தன் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தது என்று ரயில்வேதான் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே நேரத்தில் பெங்களூருவிலிருந்து மற்ற விமானங்கள் கிளம்பிப் போயிருந்தால், அந்தப் பலகையைப் படம் பிடித்து வைத்திருப்பது உதவும். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ‘ஏர்சேவா’ தளத்திலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் காலை விமானத்துக்கு இந்தத் தொல்லை இருக்கவே செய்யும். போகியன்று பழையன எரிக்கும் புகையும் பனியும் சேர்ந்து சென்னையிலும் விமானங்கள் தடுமாறிய ஆண்டுகள் உண்டு. பொங்கலுக்கு ஊருக்கு வருபவர்கள் அன்றைய விடியற்கால விமானத்தைத் தவிர்ப்பது நல்லது.

புதுவயல் வாசகி: எழுபது வயதைக் கடந்த எங்கள் ஆச்சி, மகள் வீட்டுக்கும் ஊருக்குமாகத் தனியே பறக்கிறார். இன்சுலின் போட்டுக்கொள்பவர். தாமதமானால் என்ன செய்வது?

பதில்: இன்சுலினும் மாத்திரைகளும் மருத்துவர் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கறையின் குளிரில் இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். சாப்பாடு கையில் வந்த பிறகே ஊசி. கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டுவிட்டு உணவுக்காகக் காத்திருப்பது ஆபத்து. இதை அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுச்சோறாகப் புளியோதரையோ இட்லியோ கொடுத்தனுப்பலாம். தயிரும் ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் பாதுகாப்புச் சோதனையில் நின்றுவிடும். சக்கர நாற்காலி உதவியைச் சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்தால், வாயில் மாற்றும்போதும் உடன் ஓர் ஆள் இருப்பார்.

நாச்சாந்துபட்டி வாசகர்: தாமதமாக வந்த விமானத்தில் என் பெட்டி வரவில்லை, மூன்று நாள் கழித்து, நான் திரும்புகிற அன்று வந்து சேர்ந்தது. ஏதேனும் கேட்க முடியுமா?

பதில்: பெட்டி வராததைக் கண்ட உடனே, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன், புகார்ப் படிவம் எழுதி எண் வாங்கியிருக்க வேண்டும். அது இருந்தால், இடையில் வாங்கிய துணிமணிக்கும் அவசியப் பொருள்களுக்கும் ரசீதுகளை இணைத்து, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பெட்டி உடைந்து வந்திருந்தால் கெடு 7 நாள்தான். பயண அட்டையையும் பெட்டிக்கு ஒட்டிய சிறு சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அவர்களும் அவற்றைக் கேட்பார்கள். அத்துடன் நிறுவனத்தின் தாமதச் சான்றும் வேண்டும் என்பதால், அதை அன்றே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். விடுப்பு கடந்து வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு அலுவலகத்தில் காட்டவும் அந்தச் சான்று உதவும்.